இருபத்தெட்டில் வைத்த ரிலே

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் ரூட் த்ரீ. நீரேற்று நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். மூன்று ஃபேஸ் மோட்டார் எதைக் காட்டினாலும், எத்தனை கிலோவாட் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்பதை மனக்கணக்காகவே சொல்லிவிடுவார். கிலோவாட்டை வோல்டேஜால் வகுத்து, பவர் ஃபேக்டராலும் வகுத்து, கடைசியில் மூன்றின் வர்க்கமூலமான ரூட் த்ரீயால், அதாவது ஒன்று புள்ளி ஏழு மூன்று இரண்டால், ஒரு வகுத்தல். மற்றவர்கள் கால்குலேட்டருக்குச் சட்டைப் பையைத் தடவுவதற்குள் இவர் விடையைச் சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்திருப்பார். 'அவர் வீட்டுல டீக்குச் சர்க்கரையே ஒண்ணு புள்ளி ஏழு மூணு ரெண்டு கரண்டிதான்' என்று கூட வேலை செய்தவர்கள் கிண்டலடிப்பார்கள். வெளியே சலித்துக்கொள்வார். உள்ளுக்குள் அந்தப் பெயர் அவருக்கு இனித்தது என்பதை மறைக்கத் தெரியாத மனிதர்.

இப்போது ஓய்வு பெற்று ஒரு வருடமாகிறது. நான்கு மாதமாக அவர் தங்கை வீட்டுத் தெருமுனை வரை போவதும், அங்கே நின்று செருப்பைப் பார்ப்பதும், திரும்பி வருவதுமாக இருந்தார். தங்கையின் கணவரிடம் அவர் ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் மோட்டார் எரிந்ததற்குக் காரணம் உன் கை அல்ல, என் கணக்கு என்று சொல்ல வேண்டும். சொல்வதற்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்துக்குத்தான் நான்கு மாதமாக வாய் வரவில்லை.

தங்கைக்கு அந்த மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்ததே அவர்தான். மோட்டாருக்கு வைண்டிங் கட்டுகிறவர். கடை என்றால் பத்தடிக்குப் பன்னிரண்டடி, வாசலில் எப்போதும் வார்னிஷ் வாசனை. உள்ளே காலில் இடறுகிற மாதிரி மோட்டார் கூடுகள், சுவரோரம் செம்புக் கம்பிச் சுருள்கள். வைண்டிங்காரர் ஒரு மர ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்து, மோட்டாரின் வயிற்றில் உள்ள காடிகளில் காப்புத்தாளை மடித்து வைத்து, கம்பிக் கட்டை ஒவ்வொன்றாக விரலால் தள்ளி உள்ளே இறக்குவார். அவசரப்படுத்தினால் காது கேளாதவர் போல இருப்பார். அந்தக் கைகளைப் பார்த்துத்தான் ரூட் த்ரீ வீட்டில் வந்து, 'குடுத்தா இந்த ஆளுக்குத்தான் குடுக்கணும்' என்று ஒற்றைக் காலில் நின்றார்.

நீரேற்று நிலையத்தில் அப்போது இருபது குதிரைத்திறன் மோட்டார் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சுற்றுவட்டாரத்துக் குழாய்களுக்கெல்லாம் அதுதான் தண்ணீரை ஏற்றியது. பழைய ஸ்டார்ட்டர் அதை ஒரே தூக்கில் கிளப்பும். கிளப்பும்போது பக்கத்துத் தெரு விளக்கெல்லாம் ஒரு முறை மங்கி எரியும். அதை மாற்றி ஸ்டார் டெல்டா என்ற வகைப் பேனல் ஒன்றை வைத்தார்கள். முதலில் மோட்டாரை மெதுவாகக் கிளப்பி, சில விநாடி கழித்து முழு வேகத்துக்கு மாற்றிவிடும். பேனலுக்குள் ஓவர்லோடு ரிலே என்று கைப்பிடி அளவில் ஒரு பெட்டி. மோட்டார் அளவுக்கு மீறி இழுத்தால் அதை நிறுத்துகிற காவல்காரன் அது. எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்பதை முகத்தில் உள்ள சின்னத் திருகைத் திருப்பி வைக்க வேண்டும்.

எத்தனை வைப்பது என்று யாரும் கேட்கக்கூட இல்லை. இருபது குதிரைத்திறன் என்றால் பதினைந்து கிலோவாட், இருபத்தெட்டு ஆம்பியர் என்று ரூட் த்ரீ சொல்லிக்கொண்டே திருகை இருபத்தெட்டில் நிறுத்தினார். மோட்டாரின் பெயர்ப்பலகையிலும் இருபத்தெட்டுதான் போட்டிருந்தது. கணக்கு நூல் பிசகவில்லை.

நாற்பதாம் நாள் மோட்டார் எரிந்தது. பழைய மோட்டார், ஆயுள் முடிந்துவிட்டது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ரூட் த்ரீ அதை மச்சினன் உறவில் வைண்டிங்காரரிடமே அனுப்பினார். இரண்டு நாளில் புதுக் கம்பி கட்டி வந்தது. பத்தொன்பதாம் நாள் மறுபடி எரிந்தது. மறுபடி கட்டினார். இருபத்து மூன்றாம் நாள் மூன்றாவது முறையாகப் புகைந்தது. நான்கு நாள் குழாயில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. காலியான குடங்களோடு ஜனங்கள் நிலையத்து வாசலில் வந்து நின்று, வாயில் வந்ததையெல்லாம் பேசினார்கள்.

வைண்டிங்காரர் மோட்டாரின் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மச்சான், மூணு ஃபேஸும் ஒரே சீராக் கருகியிருக்கு. வைண்டிங்ல தப்புன்னா ஒரு இடத்துலதான் பத்தும். இது மொத்தமா வெந்திருக்கு. பம்ப்ல ஏதோ மாத்தியிருக்காங்க, மோட்டார் அதிகமா இழுத்திருக்கு. ரிலே ஏன் நிறுத்தலைன்னு கொஞ்சம் பாருங்க."

"ரிலே இருபத்தெட்டுல இருக்கு மாப்ள. கணக்கு நான் போட்டது."

"இல்ல, ஒரு தடவை பார்த்துட்டா..."

"மோட்டார் ஓடறப்ப கம்பியில டாங் டெஸ்டர் மாட்டியே கரண்டை அளந்து பார்த்தேன். இருபது ஆம்பியர்தான் இழுத்துச்சு. இருபத்தெட்டு தாங்கற மோட்டார் இருபதுல வேகுதுன்னா, தப்பு எங்க இருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

நாலு பேர் சுற்றி நின்றார்கள். வைண்டிங்காரர் டார்ச்சை அணைத்துவிட்டுத் தன் கைகளைப் பார்த்தார். அவர் கொஞ்சம் சண்டைக்காரராக இருந்திருந்தால், இரண்டு வார்த்தை கூடக் கத்தியிருந்தால், பேனல் கதவை இன்னொரு முறை திறந்திருப்பார்கள். அந்த மனிதருக்குக் கத்த வராது.

மேலதிகாரி எழுத்தில் காரணம் கேட்டார். ரூட் த்ரீ ஒரு தாளில் நான்கு வரி எழுதினார். ரிலே சரியான அளவில் உள்ளது, இழுத்த மின்னோட்டம் அளவுக்குள் உள்ளது, ஆகவே மறு வைண்டிங்கின் தரக்குறைவே காரணம். கீழே கையெழுத்து. சொந்தக்காரர் என்பதற்காக மூடி மறைக்கவில்லை பாருங்கள் என்று ஆபீஸில் அவரைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு வேறு அவருக்குக் குளிர்ச்சியாக இருந்தது. முப்பது குதிரைத்திறனில் புது மோட்டார் வாங்கி மாட்டினார்கள். அது எரியவே இல்லை. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

வைண்டிங்காரர் பெயரை நிலையத்துப் பட்டியலிலிருந்து அடித்தார்கள். வெளி வேலையும் மெல்ல மெல்லக் குறைந்தது. 'அவர் கட்டுனா நிக்காதாம்' என்று ஒருவர் சொல்ல, அது பத்துப் பேர் வாய்க்குப் போனது. எட்டாவது மாதம் கடையைச் சாத்தினார். ஒரு கிடங்கில் வாசல் காவல் வேலை கிடைத்தது. வருகிற லாரியின் எண்ணை எழுதிக்கொண்டு தடுப்புக் கம்பியைத் தூக்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு அதைத்தான் செய்தார்.

இதில் எனக்கு வயிறு எரிகிற விஷயம் ஒன்று உண்டு. அந்தத் தங்கை அண்ணனோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் சின்ன வயதிலிருந்தே அண்ணன் வாயில் வருவது தப்பாது என்று வளர்ந்தவள். எப்போதும் போல வந்து போனாள். அண்ணன் எதிரிலேயே, தன் மகள் எதிரிலேயே, கணவரைப் பார்த்து, "இவர் கை வச்சது எது விளங்கியிருக்கு" என்பாள். பல்பு மாட்ட அவர் ஸ்டூலில் ஏறினால், "எறங்குங்க, இருக்கற வீடாவது இருக்கட்டும்" என்பாள். கடையை இழந்த ஆத்திரம் அவளுக்கு. அதைக் கொட்ட வேறு ஆள் இல்லை. வைண்டிங்காரர் சிரித்துக்கொண்டே இறங்கிவிடுவார். ரூட் த்ரீயும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பாவம் என்று அவ்வப்போது தோன்றும். தப்பு செய்தவன் கொஞ்சம் கேட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்றும் தோன்றும்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு மாவு மில்லில் அவரைக் கூப்பிட்டார்கள். புதுப் பேனல், ஸ்டார் டெல்டா. மோட்டார் அடிக்கடி தானாக நின்றுவிடுகிறதாம். கதவைத் திறந்தார். அதே அளவில் இருபது குதிரைத்திறன் மோட்டார், ரிலே பதினாறில் இருந்தது. ரூட் த்ரீக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இருபத்தெட்டு இழுக்கற மோட்டாருக்குப் பதினாறுல வச்சா நிக்காம என்ன செய்யும்? யாருங்க இதச் செஞ்சது?" என்று மில்காரரைப் பார்த்துக் கேட்டுவிட்டு, திருகைத் திருப்பப் போனார். மில்காரர் எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று பேனல் செய்தவருக்கு ஃபோன் போட்டு இவர் கையில் கொடுத்தார். ஒரு பெண் பேசினாள்.

"சார், தொடாதீங்க. ரிலே உள்ள வர்ற லைன்ல இல்ல, மெயின் கான்டாக்டருக்கு அப்புறம் டெல்டாவுக்குள்ள இருக்கு. அங்க ஓடறது ஃபேஸ் கரண்ட்தான். இருபத்தெட்டை ரூட் த்ரீயால வகுத்துதான் வைக்கணும். நிக்குதுன்னா லோடு அதிகம். பெல்ட்டையும் பேரிங்கையும் பாருங்க."

சொன்னதோடு வைத்துவிட்டாள். ரூட் த்ரீயால் வகுக்கச் சொல்லி ரூட் த்ரீக்கே புத்தி சொல்கிறோம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அவர் டார்ச்சை வாங்கி ஒயரின் மேல் விரலை வைத்துக்கொண்டு போனார். உள்ளே வருகிற மூன்று கம்பி. அங்கிருந்து கான்டாக்டர் என்கிற பெரிய சுவிட்ச். அங்கே ஒவ்வொரு கம்பியும் இரண்டாகப் பிரிந்து டெல்டா என்கிற முக்கோணமாக மோட்டாரைச் சுற்றுகிறது. ரிலே அந்த முக்கோணத்தின் கைகளில் உட்கார்ந்திருக்கிறது. வெளியே இருபத்தெட்டு ஓடும்போது அதன் வழியாகப் போவது பதினாறு. நிலையத்தின் பழைய ஸ்டார்ட்டரில் ரிலே வாசல் கம்பியிலேயே இருந்தது. புதுப் பேனலில் உள்ளே போயிருந்தது. அவர் கணக்கு போட்டாரே தவிர ரிலே இருக்கும் இடத்தைப் பார்க்கவில்லை. பதினாறில் நிற்க வேண்டிய ரிலேயை இருபத்தெட்டுக்கு விட்டால், வெளியே நாற்பத்தெட்டு ஆம்பியர் ஓடினால்தான் அது கண் திறக்கும்.

டாங் டெஸ்டரையும் அவர் உள்ளே, மோட்டாருக்குப் போகும் கம்பியில்தான் மாட்டியிருந்தார். இருபது காட்டியது. இருபதை ஒன்று புள்ளி ஏழு மூன்று இரண்டால் பெருக்கினார். அந்தப் பெருக்கல் முப்பத்திரண்டு வருடப் பழக்கத்தில் அவர் கேளாமலே நடந்துவிட்டது. முப்பத்தைந்து. இருபத்தெட்டு தாங்கும் மோட்டார் நாள் முழுக்க முப்பத்தைந்து இழுத்திருக்கிறது. முப்பது குதிரைத்திறன் மோட்டார் அதைத் தாங்கியது, எரியவில்லை. கடவுள் வந்து கட்டினாலும் அந்த இருபது குதிரைத்திறன் மோட்டாரில் வைண்டிங் நின்றிருக்காது.

மில்காரர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அவர் திருகைத் தொடாமலே பேனல் கதவைச் சாத்தினார்.

அதன் பிறகு நான்கு மாதம். முதல் வாரம் தங்கைக்குக் காய்ச்சல் என்று போகவில்லை. பிறகு தங்கை மகளின் பரீட்சை முடியட்டும் என்று இருந்தார். பிறகு மழை. ஒரு நாள் வீடு வரைக்கும் போய், கதவு திறந்திருந்தும், வைண்டிங்காரர் பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். பயமா என்றால் பயம்தான். அந்த மனிதர் அடித்துவிடுவார் என்ற பயமில்லை. அடிக்க மாட்டார் என்று தெரிந்ததால் வந்த பயம்.

கடைசியில் ஒரு காலையில், தங்கை ரேஷன் வாங்கப் போயிருக்கும் நேரம் பார்த்துப் போனார். வைண்டிங்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். ரூட் த்ரீ உட்காரவில்லை. கிழித்த காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் முக்கோணம் வரைந்தார், மூன்று கம்பி வரைந்தார், ரிலேயைக் கட்டமாகப் போட்டார். வாயால் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது. பக்கத்தில் இருபத்தெட்டு என்று எழுதி அடித்துவிட்டுப் பதினாறு என்று எழுதினார்.

வைண்டிங்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். விரல் முக்கோணத்தின் ஒரு கையில் போய் நின்றது.

"ரிலே இங்கயா இருந்துச்சு?"

"அங்கதான் மாப்ள."

"அப்ப டாங் டெஸ்டர்?"

"அதையும் உள்ளதான் போட்டேன். இருபதுன்னு காட்டுச்சு. வெளிய முப்பத்தஞ்சு ஓடியிருக்கு."

"முப்பத்தஞ்சு," என்றார் வைண்டிங்காரர். "வெந்துதான் போகும்."

தாளை மடித்தார். மறுபடி பிரித்தார். பேசும்போது குரலில் கோபமே இல்லை.

"அந்த ரெண்டு வைண்டிங்கையும் மனசுக்குள்ள எத்தனை தடவை அவுத்து அவுத்துக் கட்டியிருக்கேன் தெரியுமா மச்சான்? லாரி வராத நேரமெல்லாம் அதே வேலைதான். எந்தக் காடியில தாள் கிழிஞ்சிருக்கும், எந்த ஜாயின்ட்ல ஈயம் சரியாப் பிடிக்கலைன்னு. ஒரு இடத்துலயும் தப்புக் கெடைக்கல. அப்பவும் என் கைதான்னு நம்புனேன். கணக்கு உங்களோடதாச்சே."

ரூட் த்ரீ அழுதார். அறுபத்தொரு வயதில், மச்சினன் உறவுக்காரர் முன்னால், சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதார். "என்னை நாலு வார்த்தை திட்டிருங்க மாப்ள," என்றார்.

"திட்டி?"

"ஆபீஸுக்கு இன்னைக்கே எழுதிப் போடறேன். தப்பு என்னோடதுன்னு. தங்கச்சிகிட்டயும் சொல்லிடறேன். அவ வர வரைக்கும் உக்காந்திருக்கேன்."

வைண்டிங்காரர் முதல் முறையாகப் பதறினார். நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"ஆபீஸுக்கு வேணா எழுதுங்க. அங்க இப்ப என்னை யாருக்குத் தெரியும். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"ஏன்? அவதானே உங்களை..."

"அதனாலதான். பன்னெண்டு வருஷமா என்னை என்னென்ன பேசியிருக்கான்னு அவளுக்கு மறந்திருக்காது. புள்ள முன்னாடி பேசியிருக்கா, பக்கத்து வீட்டுல பேசியிருக்கா. அத்தனையும் பொய்யின்னு ஒரே நாள்ல தெரிஞ்சா எங்க போய் வச்சுப்பா? எம் மூஞ்சிய எப்படிப் பார்ப்பா? உங்களையும் விட்டுருவா. அவளுக்குப் பொறந்த வீடுன்னு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

"உங்களுக்கு இது அநியாயமில்லையா மாப்ள?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல. போதும். எனக்குப் பழகிடுச்சு மச்சான். அவளுக்குப் புதுசாப் பழகணும்."

நான்கு மாதம் தூக்கிக்கொண்டு அலைந்த பாரத்தை இறக்கி வைக்கத்தான் அவர் வந்தார். யாருக்கு அநியாயம் செய்தாரோ அவரே அதைத் திரும்ப இவர் தலையில் ஏற்றி, கீழே போட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சுகிறார். மாட்டேன் என்று சொல்ல ரூட் த்ரீக்கு என்ன உரிமை இருக்கிறது? தலையை ஆட்டினார். வைண்டிங்காரர் அந்தத் தாளைச் சின்னதாக மடித்து, பக்கத்தில் கிடந்த செய்தித்தாளுக்குள் செருகி வைத்தார்.

வாசலில் பையை வைக்கும் சத்தம் கேட்டது. தங்கை மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"அண்ணே, எப்ப வந்தே? ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாம்ல. கண்ணு ஏன் செவந்திருக்கு?"

"தூசி," என்றார்.

"நல்ல நேரத்துல வந்தே. மேசை ஃபேன் நாலு நாளாச் சுத்தல, சும்மா முனகுது. இவரு பிரிச்சுப் பாக்கறேன்னாரு. நாந்தான் தொடவே விடல." சொல்லிக்கொண்டே ஃபேனைத் தூக்கி வந்து அண்ணன் முன்னால் வைத்தாள். பிறகு கணவர் பக்கம் திரும்பி, "அந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் குடுங்க. நீங்க கை வைக்காதீங்க, அண்ணன் பார்த்துக்கும்," என்றாள்.

வைண்டிங்காரர் எழுந்து போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தார். கொடுக்கும்போது கொஞ்சம் குனிந்து, அவளுக்குக் கேட்காத குரலில், "கெப்பாசிட்டர் போயிருக்கும் மச்சான்," என்றார்.

ரூட் த்ரீ அடிமூடியைக் கழற்றினார். ஒரு திருகு உருண்டு நாற்காலிக்கு அடியில் போனது. வைண்டிங்காரர் அதைத் தேடி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். கெப்பாசிட்டர் ஒரு பக்கம் உப்பி வெடித்திருந்தது.

"என்னண்ணே?"

"கெப்பாசிட்டர்தான்."

"பார்த்தீங்களா?" என்று தங்கை கணவரிடம் சொன்னாள். "தொறந்த உடனே கண்டுபிடிச்சிருச்சு. அதுதான் அண்ணன்."

வைண்டிங்காரர், "ஆமா," என்றார். ரூட் த்ரீ ஃபேனை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.